பாக்கியம் டீச்சரின் சேலைகளும் யோகநாதனும்

யோகநாதன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கந்தளாயில் மகள் வீட்டில் இருந்தேன். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்தான் அழைத்தார். முஸ்லிமான என்னை அங்கே எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா, யோகநாதன் அண்ணை காலமை போயிட்டார். குளிச்சிட்டு வந்து கதிரையில இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்." "டீச்சர் எப்பிடி?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். யோகநாதனை அறிந்த எவரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

நாங்கள் இருவரும் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இயந்திரம் திருத்துகிற பகுதியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அந்த நாட்களில் யோகநாதனுக்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிறீஸ் அப்பிய காற்சட்டையைக் கிணற்றடியில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் மனைவி பாக்கியம் டீச்சர் சத்தம் போடுவார். டீச்சர் வெளிர் நிறப் பருத்திச் சேலைதான் உடுப்பார். அதில் சோக்குத் தூள் பட்டால்கூட வகுப்பை நிறுத்திவிட்டுத் தட்டிவிடுவாராம்.

யோகநாதன் ஓய்வு பெற்ற பின் டீச்சருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, மெல்ல நடக்கவும் முடிந்தது. வலது கை மட்டும் திரும்பவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகினார். ஒவ்வொரு வேளையும் சேலையில் குழம்பு சிந்தியது. கறையோடு ஆட்கள் முன்னால் வரமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். கடும் நிறச் சேலை வாங்கிக் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். யோகநாதன் உடன்படவில்லை. "ஏலாது நானா. அவ விரும்பி உடுத்திறதை விடச் சொல்ல எனக்கு ஏலாது. கறையைத்தான் எடுக்கோணும்."

ஒருநாள் பதறிப்போய் அழைத்தார். "நானா, சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சனான், குழம்பு மஞ்சள் எல்லாம் ரத்தம் மாதிரி சிவந்துபோச்சு!" மறுநாள் நான் போனபோது அவருடைய வெள்ளை வேட்டி கொடியில் கிடந்தது. அதில் வேண்டுமென்றே குழம்பைச் சிந்தி, ஒவ்வொரு கறையையும் ஒவ்வொரு விதமாகக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த டீச்சர், "இருந்த நல்ல வேட்டியையும் பழுதாக்கிட்டார், பாருங்கோ நானா" என்று சொல்லிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்த வேட்டியில்தான் அவர் எல்லாம் படித்தார். சிந்திய உடனே குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முகப்பவுடர் தூவி உறிஞ்சவிட வேண்டும். சவர்க்காரத்தில் சிவந்தால் பயப்படாமல் அலச வேண்டும்; மிச்ச மஞ்சளை வெயில் எடுத்துவிடும். ஊசி குத்திய இடத்துத் துருவுக்குத் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழச் சாறும் உப்பும். "உரஞ்சாதீங்கோ, ஒத்தி எடுங்கோ" என்று அயலட்டை ஆட்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். குடாக்கடல் பக்கம் மழை இருட்டினால், என்னுடன் கதைத்துக்கொண்டிருப்பவர் காயப்போட்ட சேலைகளை எடுக்கக் கொடியடிக்கு ஓடிவிடுவார்.

எங்களோடு வேலை செய்த ஒருவரின் மகள் கலியாணத்துக்கு யோகநாதன் டீச்சரை எப்படியோ சம்மதிக்க வைத்துக் கூட்டிவந்தார். சாப்பாட்டு மேசையில் கரண்டி வழுக்கி, சாம்பார் டீச்சரின் மடியெல்லாம் கொட்டியது. மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எழும்புவம்" என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில். யோகநாதன் தன் இலையிலிருந்த சாம்பாரைத் தொட்டுத் தன் வெள்ளைச் சட்டையில் நன்றாகத் தடவிக்கொண்டார். "எனக்கும் பட்டுட்டுது. வீட்ட போய் ரெண்டையும் சேர்த்துத் தோய்ப்பம். நீர் சாப்பிடும்." டீச்சர் அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டார்.

ஆனாலும் கட்டைபறிச்சானில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மட்டும் போக மறுத்தார். "அவள் என்னை இப்பிடிப் பாக்கக் கூடாது." யோகநாதன் வற்புறுத்தவில்லை. காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் திடீரென்று எனக்கு அழைப்பு. "நானா, அவ ஓமெண்டுட்டா! உங்கட வான் வண்டியைக் கொண்டுவாங்கோ, ஞாயிறு போவம்." அந்த ஞாயிறு என் வான் திருத்துமிடத்தில் கிடந்தது. அடுத்த ஞாயிறு போகலாம் என்றேன். "அவசரமில்லை நானா, அவ சம்மதிச்சதே பெரிய காரியம்" என்றார். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பின் டீச்சரே கேட்டார். "நானா, வான் இப்ப ஓடுதோ? என்னைத் தங்கச்சி வீட்ட கொண்டுபோய் விடுவீங்களோ?" கிண்ணியாப் பாலம் கடந்து போனோம். தங்கை வாசல் படலைக்கே ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். மத்தியானம் முற்றத்து நிழலில் எல்லோருமாகச் சுற்றியிருந்து சாப்பிட்டோம். டீச்சர் இடது கையால், அவசரப்படாமல், மீன்குழம்போடு சாப்பிட்டார். தங்கை ஏதோ சின்ன வயதுக் கதை சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழுதார், மறுபடி சாப்பிட்டார்.

யோகநாதன் அத்தனை நாள் கறை எடுத்து வெயிலில் நின்றது இந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான். அதை அவருக்குப் பதிலாக நான் பார்த்தேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் காட்சிதான். அவருக்குச் சேரவேண்டிய அதை நான் வைத்திருக்கிறேன். கொடுக்க அவர் இல்லை.