எதிர்க் கடை டீயும் தெய்வானையின் மூக்கும்

கம்ப்யூட்டரில் ஒரு மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் மினுமினுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. தெய்வானையின் கணவர் தங்கராசு அண்ணன். "ஏனுங்க ரஞ்சிதம், தெய்வா போயிட்டாளுங்க. நெஞ்சு வலின்னா. சேலம் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க." பிறகு அவரே சொன்னார்: "காரியத்துக்கு மாட்டற படத்த நீங்கதான் போடோணும். அவளாட்டவே இருக்கோணுமுங்க."

ஏற்காட்டில் எங்கள் ஸ்டுடியோவில் முகம் காட்டிய உங்கள் எல்லோருக்கும் தெய்வானையைத் தெரியும். படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டரில் சரிசெய்வது நான். ஒரே வயதுக்காரிகள், இருந்தும் கடைசிவரை 'வாங்க போங்க'தான். சண்டையும் அதே மரியாதையோடு நடக்கும். "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுங்களா?" என்பார். எங்கள் இருவருக்கும் பொது எதிரி ஒன்றே ஒன்று: படத்தில் எண்ணெய் வடிகிற முகம்.

என்ன மனுஷி! சேர்வராயன் கோயில் மலையில் ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுக்கப் போனோம். மூடுபனி. பெண்ணின் அத்தை, முகம் மினுங்கக்கூடாது என்று ஈரத்தின் மேலேயே பவுடரை அப்பிவிட்டார். பவுடர் மாவாகி, பொண்ணும் மாப்பிள்ளையும் கோலம் போட்ட வாசலாக நின்றார்கள். அத்தை அழத் தொடங்கிவிட்டார். தெய்வானையோ விழுந்து விழுந்து சிரித்தார். "பவுடரு கடைசிங்க. மொதல்ல ஒத்தி எடுக்கோணும்" என்று சொல்லி, மெல்லிய பருத்தித் துணியால் இரு முகங்களையும் தேய்க்காமல் ஒத்தி எடுத்தார். அதற்குள் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நெற்றிகள் மறுபடி மின்னின. சீர்த்தட்டிலிருந்த புது வேட்டியை எடுத்து விரித்து, இரண்டு மாமன்மாரைப் பிடிக்கச் சொல்லி, வெயிலுக்குக் குறுக்கே திரை கட்டிவிட்டார். வெளிச்சம் பாலாக இறங்கியது. மினுமினுப்பு போன இடம் தெரியவில்லை. நான் கைதட்டியே விட்டேன்! வேட்டிக்கு வெளியே, வெயிலில், வேர்த்து வழிந்து சிரித்துக்கொண்டிருந்த தெய்வானையை என் போனில் ஒரு படம் எடுத்தேன். அவரைத் தனியாக எடுத்த படம் என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்ததும், "அய்யோ, என்ர மூக்கப் பாருங்க, வெளக்கு வேண்டாம்!" என்று கத்தினார்.

படத்தை எதிர்க் கடையிலிருந்து பார்க்கும் பழக்கம் எப்படி வந்தது தெரியுமா? செம்மநத்தத்திலிருந்து ஒரு எஸ்டேட்காரம்மா படம் எடுக்க வந்திருந்தார். மினுமினுப்பு மொத்தத்தையும் துடைத்துக் கொடுத்தோம். படத்தைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வந்தனுங்க. காச்சக்காரியாட்ட ஆக்கிப்போட்டீங்களே" என்றார். தெய்வானைக்குச் சுருக்கென்றது. திருத்தியதையும் திருத்தாததையும் எங்கள் கடைக் கதவில் மாட்டிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி முருகேசன் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இங்கிருந்து பாருங்க. மொதல்ல மினுக்கு தெரிஞ்சா எடுங்க. ஆளு தெரிஞ்சா வுட்டுடுங்க."

இரண்டுமே தேறவில்லை. பாதி குறைத்த படம்தான் தேறியது. அந்தம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்தப் படமும் அந்தப் பெஞ்சைத் தாண்டாமல் போனதில்லை. கதவில் படத்தை மாட்டிக்கொண்டே தெய்வானை அங்கிருந்து குரல் கொடுப்பார்: "முருகேசு, சக்கர கம்மி!" தீர்ப்புச் சொல்வது முருகேசன்.

இப்போது தெய்வானையின் படம். மலை மேல் எடுத்த அதையே பிரிண்ட் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் பெஞ்சுக்குப் போனேன். முருகேசன் எட்டிப் பார்த்தார். "மூக்குதானுங்க தெரியுது" என்றார். அழுகையும் சிரிப்புமாக இருவரும் தவித்தோம். திரும்பிப் போய் மினுமினுப்பை மொத்தமாக எடுத்தேன். "இது யாருங்க, பேங்க் மேனேசராட்ட?" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. எத்தனை பேர் முகத்தைச் சரிசெய்திருக்கிறேன், இவர் முகம் எனக்குக் கைகூடவில்லையே! காத்திருக்கும் தங்கராசு அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்?

மறுபடி உட்கார்ந்தேன். நெற்றியைக் கொஞ்சம் அடக்கினேன். கன்னத்தைத் தொடவில்லை. மூக்கில் மட்டும், அவர் கத்தியது காதில் கேட்க, கூடுதலாகக் குறைத்தேன். கதவில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, முருகேசனிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். வேலை மும்முரத்தில் தலையைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தவர், எங்கள் கதவை நோக்கிக் குரல் கொடுத்தார்:

"அக்கா, சக்கர கம்மிதானுங்களே?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். தேறிவிட்டது! தெய்வானை தேறிவிட்டார்!

அந்தப் படத்தைத்தான் நீங்கள் அவர் வீட்டில் பார்த்தீர்கள். தங்கராசு அண்ணன் அதைத் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்தாரே, தேய்க்காமல், அதையும் பார்த்திருப்பீர்கள். தெய்வானையின் கேமரா அண்ணனிடமே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது எதிர்க் கடைப் பெஞ்சை. இனியும் எந்த முகமும் அங்கிருந்து பார்த்த பிறகுதான் வெளியே போகும். முருகேசன் இன்னமும் பழக்கத்தில் இரண்டு டீ கொண்டுவந்து வைக்கிறார். சர்க்கரை குறைந்ததை நான் குடிக்கிறேன்.