இரட்டைக் காது வைத்த பிடிதுணி

கொக்கிக்காரர் வீட்டுச் சமையலறையில் ஒருவர் நிற்கலாம். இரண்டாமவர் உள்ளே வரவேண்டுமென்றால் முதலாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலி வளையானாலும் தனி வளை என்பாள் அவர் மனைவி. எலிக்குத் துண்டு காயப்போடுகிற தொல்லை கிடையாதே என்பார் இவர்.

தொல்லை அதுதான். சமையலறைக்கு ஒரு துண்டு போதாது. கை துடைக்க ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, மேடை துடைக்கக் கரித்துணி, சூட்டோடு பாத்திரம் இறக்கப் பிடிதுணி. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் எந்நேரமும் ஈரம். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் மறுநாளே ஊளை நாற்றம். கொடி கட்டலாமென்றால் கழுத்தில் மாட்டும்.

ஹார்டுவேர் கடையில் கொக்கியும் கீலும் திருகாணியும் விற்றே தலை நரைத்த மனிதர் இதற்கெல்லாம் அசருவாரா? பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவின் உள்பக்கம் ஒரு கம்பி வைத்தார். மேல் அலமாரியின் அடிப்பலகையில் இன்னொரு கம்பி. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காந்தக் கொக்கி. அடுப்புக்கு வலப்பக்கம், கையை நீட்டினால் படுகிற தூரத்தில், பிடிதுணிக்கென்று ஒரு ஆணி. ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாது. கதவை மூடினால் துண்டு இருப்பதே தெரியாது. வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. "அவர் வீட்டுக்குப் போனா ஒரு இடத்துல அசையாம நிக்காதீங்க, உங்களையும் மாட்டி விட்டுடுவார்" என்று பக்கத்து வீட்டு டிரைவர் கேலி பேசுவார். கொக்கிக்காரர் என்ற பெயரும் அந்த வாயிலிருந்து வந்ததுதான்.

மனைவி தன் பங்குக்குத் துண்டுகளின் மூலையில் துணியாலேயே காது தைத்தாள். கைத்துண்டுக்கு ஒற்றைக் காது. பிடிதுணிக்கு இரட்டைக் காது. பாத்திரத் துண்டின் காதில் ஒரு பொத்தான். கரித்துணிக்கு ஒரு முடிச்சு. எதற்கு இத்தனை அலங்காரம் என்று அவர் கேட்கவில்லை. பழைய கடைக்குப் போய், "என் வீட்டுக்காரி மூளையைப் பார்த்தீங்களா, துண்டுக்கே கம்மல் போட்டிருக்கா" என்று பெருமையடித்துவிட்டு வந்தார். பெருமை பேசிய நேரத்தில் ஏன் என்று கேட்டிருக்கலாம்.

ஒருநாள் ஜன்னலோரம் மடக்குக் கம்பி ஒன்று பொருத்தினார். மூன்று கை விரியும், வேண்டாதபோது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிடிதுணியையும் அதில் மாட்டிவிட்டு மெச்சுவாள் என்று காத்திருந்தார். அவளோ பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு மாத்தினீங்க? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்ததில்லை. அவர் ஹாலில் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலை தண்ணீர் குடிக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் அடுப்புக்கு வலப்பக்கத்து வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே நல்ல வெயில். பிடிதுணி அவள் மூக்குக்கு எதிரே, சிவப்பாக, தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அதை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எத்தனை நாளா?"

அவள் துணியின் காதுகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதைத் தெச்சேனே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்து."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா பிள்ளைங்களுக்குப் போயிடும். நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிடுவோம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. மகன் ஓர் ஊர், மகள் ஓர் ஊர். இருவர் வீட்டிலும் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். ரெண்டு பேரும் திடமா இருக்கிற வரைக்கும் இங்கயே இருங்க, ஒருத்தருக்கு முடியாமப் போனா அப்பா அண்ணன்கிட்ட, அம்மா என்கிட்ட என்று மகள் சொல்ல, பிள்ளைகள் பேசி முடித்திருந்தார்கள். பாசம் இல்லாமல் இல்லை. இடம்தான் இல்லை.

இருவரும் ஒருவருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய்வந்தார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். மிச்சம் என்பது இடக்கண் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம். அன்று மாலையே அவர் மடக்குக் கம்பியைக் கழற்றினார். பிடிதுணி பழைய ஆணிக்கே போனது. அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் உப்பு டப்பாகூட இடம் மாறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் மறைத்தார்கள்.

அப்போதுதான் மகள் வந்தாள். கொக்கிக்காரர் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார். மனைவி தேநீர் ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. மகள் பேரன் போட்டோ காட்டினால் இவர் முந்திக்கொண்டு, "அடேயப்பா, நீலச் சட்டையில பெரிய மனுஷன் மாதிரி இருக்கானே!" என்பார். உடனே அவள், "நீலம் அவனுக்கு எடுக்கும்" என்பாள். இரவுச் சாப்பாடு முடிந்தபோது இருவருக்கும் பரீட்சை எழுதி முடித்த களைப்பு.

மகள் பையைத் திறந்தாள். புதுத் துண்டுகள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு, பூப்போல மெத்தென்று இருந்தன. பேசிக்கொண்டே பழையதையெல்லாம் உருவி ஒரு பையில் திணித்துக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "எத்தனை நாளைக்கும்மா இந்தக் கந்தலை வெச்சுக்கிட்டு இருப்பே?"

"நல்லா இருக்கு கண்ணு" என்றாள் தாய், வெள்ளையைத் தடவியபடி. அவள் விரல்கள் மூலைக்கு மூலை போய்வந்ததை அவர் பார்த்தார். பிடிதுணியை மட்டும் விட்டுடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், "பிரமாதம்" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் குப்பை வண்டி வருவதற்குள் கீழே ஓடினார். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, காய்கறித் தோலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தார். சிவப்புத் துணியை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு, முட்டிவலியோடு படியேறினார். பாதிப் படியிலேயே கருகல் வாடை வந்தது.

கதவு திறந்திருந்தது. அடுப்பின் முன்னால் மனைவி. பால் பாத்திரத்தைப் புதுத் துண்டால் பிடித்து இறக்கப்போயிருக்கிறாள். துண்டு நீளம். அதன் தொங்கல் நுனி தீயைப் பிடித்து, தீ அவள் மணிக்கட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வாசலை நோக்கி முகத்தைத் திருப்பி அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"கண்ணு, என்னமோ கருகுது. எங்கேன்னு பாரேன்."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தகப்பன் சத்தம் போட்ட பிறகுதான் பாய்ந்து துண்டைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்தாள். பால் தரையெல்லாம் ஓடியது. மணிக்கட்டில் கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று. மகள் தாயின் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள். அவர் கையில் குப்பை நாற்றத்தோடு சிவப்புத் துணி.

"உங்களுக்கும் தெரியுமாப்பா?"

அவர் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதனால் என்ன பிரயோசனம்?

"தெரிஞ்சும் அம்மாவை அடுப்புக்கிட்ட விட்டீங்களா?"

மகள் அழுதாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். கொக்கிக்காரருக்குக் கோபம் வந்தது, பிள்ளைகள் மேல் அல்ல. "ஒரு முழ இடத்துல அத்தனை துண்டையும் ஒண்ணோட ஒண்ணு படாம மாட்டினேன்மா. ரெண்டு பேருக்கு ஒரு இடம் பண்ணத் தெரியல" என்றார். மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

வீட்டைக் காலி செய்தபோது கொக்கிகளை அவரே கழற்றினார். சுவரெல்லாம் ஓட்டையாக நின்றது.

இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. சாயங்காலமானால் மகள் வீட்டிலிருந்து மனைவியின் போன் வரும். மருந்து விட்டாயா, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு, ஒருநாள் கேட்டார்.

"அங்கே துண்டெல்லாம் எங்கே மாட்டியிருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? என்னைத்தான் உள்ளேயே விடுறதில்லையே."

அவளே தொடர்ந்தாள்.

"அந்த ரெட்டைக் காதுத் துணி இருக்குங்களா?"

"இருக்கு."

"எங்கே மாட்டியிருக்கீங்க?"

அது வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று அவர் வந்த அன்றே மருமகள் சொல்லியிருந்தாள். துணி தலையணைக்கு அடியில் மடித்துக் கிடந்தது.

"வலப்பக்கம்தான்" என்றார். "கையை நீட்டினா படும்."