சாகக் கூடாத தீவில் ஒரு பகல்

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ஜப்பானில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் மியாஜிமா என்றொரு தீவு. மொன்றியலிலிருந்து புறப்பட்ட சுற்றுலாக் குழு ஒன்றோடு நானும் என் தோழியும் போய் அங்கே ஒரு பகல் இருந்தோம். அந்தப் பகலைப் பற்றி இத்தனை வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன ஒன்றிரண்டு இடங்களிலும் என் பக்கத்தைக் கொஞ்சம் வெள்ளையடித்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஜப்பானுக்கோ? அங்கை ஆர் இருக்கினம்?" என்று அப்போது கேட்காத ஆளில்லை. ஒருத்தரும் இல்லை என்பதால்தான் போனோம். எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் லண்டனில் கலியாணம், பாரிஸில் சாமத்தியச் சடங்கு, ரொறொன்ரோவில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சூட்கேசில் பாதி மற்றவர்களுக்குக் கொடுக்கிற சாமான். யார் வீட்டில் சாப்பிட்டோம், யார் வீட்டில் சாப்பிடவில்லை என்று திரும்பி வந்த பிறகும் ஒரு வருடத்துக்குக் கோபதாபம். அதனால் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத நாடாகத் தேடினோம். அப்படியான நாடுகள் உலகத்தில் அதிகம் மிச்சமில்லை.

நாங்கள் இருவரும் மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். நான் சைவம், அவள் கத்தோலிக்க வேதக்காரி. வெள்ளிக்கிழமைகளில் என் மரக்கறியை அவளும் சாப்பிடுவாள். அவள் கலியாணம் செய்யவில்லை. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் தாயோடும் தமையன் குடும்பத்தோடும் இருந்தாள். தாய்க்கு எண்பதைத் தாண்டிய வயது, இருதய வருத்தம். குளிக்க வார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, படுக்கும்போது செபமாலையைக் கையில் வைப்பது எல்லாம் அவள்தான். தாயைப் பார்க்கத் தொடங்கிய ஒன்பது வருடத்தில் ஒரு இரவுகூட அந்த மனுசியை விட்டுவிட்டு அவள் வெளியில் தங்கியதில்லை.

வரமாட்டேன் என்றுதான் நின்றாள். நான்தான் விடவில்லை. சுற்றுலாக் கம்பனியின் கையேட்டு அட்டையில் கடலுக்குள் சிவப்பாக நிற்கிற அந்தக் கோயில் வாசலின் படம் இருந்தது. அதைக் கிழித்து என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். ஒரு வருடமாக ஒவ்வொரு காலையும் பால் எடுக்கும்போது அதைப் பார்ப்பேன். "பத்து நாள்தானே, உன்ரை அண்ணை பார்ப்பார்" என்று சொல்லிச் சொல்லியே அவளை விமானத்தில் ஏற்றினேன்.

ஒன்பதாம் நாள் விடிய ஏழு மணிக்கு ஹோட்டல் அறையில் தொலைபேசி அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். மொன்றியலிலிருந்து தமையன். அங்கே முதல் நாள் பின்னேரம் ஆறு மணி.

"தங்கச்சி எங்கை? அம்மாக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறா. தங்கச்சியை ஒருக்கா போன் எடுக்கச் சொல்லுங்கோ. பக்குவமாச் சொல்லுங்கோ, அவள் பயந்திடுவாள்."

சொல்கிறேன் என்று இலக்கத்தை எழுதிக்கொண்டு வைத்தேன். வைத்த அந்த நிமிடமே என் மனதில் அந்த அம்மா செத்துப் போய்விட்டார்.

இதைப் படிக்கிற எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எங்களில் யாரும் தூரத்தில் இருப்பவருக்குச் சாவைச் சாவென்று சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரி என்பார்கள். பக்குவமாகச் சொல்லுங்கோ என்று பக்கத்தில் இருப்பவரிடம் பொறுப்புக் கொடுப்பார்கள். என் அப்பா ஊரில் இறந்தபோது எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அண்ணா போன் எடுத்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்து, செத்துச் சாம்பலாகிவிட்ட மனிதருக்குச் சுகம் வரவேண்டும் என்று கும்பிட்டேன். உண்மை தெரிந்ததும் நான் பேசிய பேச்சுக்கு அண்ணா இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பட்டறிவில்தான் இந்தப் போனையும் எடைபோட்டேன். சூடுகண்ட பூனைதானே. எல்லாம் முடிந்துவிட்டது, தமையன் சொல்லப் பயப்படுகிறார் என்று தீர்மானித்துவிட்டேன்.

முடிந்துவிட்டதென்றால் அவசரம் என்ன? எங்கள் விமானம் எப்படியும் மறுநாள் மாலை ஒசாகாவிலிருந்து. அதற்கு முதல் புறப்பட வழியில்லை. இப்போது சொன்னால் ஒரு முழுப் பகல் இந்த அறைக்குள் இருந்து அழுவாள். பின்னேரம் சொல்லலாம். ஒன்பது வருடமாக ஒன்றையும் காணாதவள், இந்த ஒரு நாளையாவது காணட்டும். இப்படித்தான் யோசித்தேன்.

அவள் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து யார் போன் எடுத்தது என்று கேட்டாள். கீழேயிருந்துதான், பஸ் எட்டு மணிக்காம் என்றேன். பொய் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை.

கடலைக் கடக்கப் பத்து நிமிடம்தான். எங்கள் வழிகாட்டி ஒரு ஜப்பானியப் பெண். மஞ்சள் கொடி ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி நல்ல பிரெஞ்சில் கதைத்தாள். குழுவில் மிச்சப் பேரெல்லாம் ஓய்வுபெற்ற கியூபெக்காரர்கள். படகு நெருங்க அந்தச் சிவப்பு வாசல் கடலுக்குள்ளிருந்து எழும்பி நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. விடிய வந்த போனை நான் மறக்கவில்லை, அப்படியிருந்தும் எனக்குச் சந்தோசம் வந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

இறங்கியதும் மான்கள் வந்து சூழ்ந்துகொண்டன. ஒன்று என் கையிலிருந்த வரைபடத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டது. என் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பார், நீ செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலுக்குள் போகுமுன் கை கழுவுகிற இடத்தில் வழிகாட்டி எங்களை நிற்பாட்டி அந்தத் தீவின் கட்டுப்பாடுகளைச் சொன்னாள். தீவு முழுவதும் தெய்வத்தின் உடம்பு. அதனால் அந்தக் காலத்தில் இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. பிள்ளைப்பேறு நெருங்கிய பெண்களையும் சாகக் கிடப்பவர்களையும் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவார்களாம். இன்றைக்கும் தீவில் ஒரு கல்லறைகூட இல்லை என்றாள்.

என் தோழி என் காதருகில் வந்து, "அப்ப அம்மாவை இஞ்சை கொண்டுவந்து விடுவமே?" என்றாள்.

நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துத்தான் கட்டினேன்.

உள்ளே சின்ன மரப்பலகைகளில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். அவளும் ஒன்று வாங்கினாள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, எழுதி வைப்போம் என்றாள். அம்மாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று தமிழில் எழுதி, கொழுவி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். செத்தவருக்கு ஆயுள் கேட்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. என் அப்பாவுக்கு நான் இருந்த மூன்று நாள் விரதம் நினைவுக்கு வந்தது. எனக்கு நடந்தபோது காட்டுமிராண்டித்தனம் என்று கத்தியவள் நான். அதே காரியத்தை இப்போது நானே செய்கிறேன் என்பது தெரிந்துதான் நின்றேன்.

பதினொரு மணிபோல் மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். படகுத்துறைக்கு அருகில் வெளிநாட்டுக்கு எடுக்கக்கூடிய பொதுத் தொலைபேசி ஒன்று இருந்தது. எங்கள் கைத்தொலைபேசிகள் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. அவளோ முதல் நாளே ஒரு தொலைபேசி அட்டை வாங்கி வைத்திருந்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனாள்.

"அங்கை இப்ப ராத்திரி பத்து மணி. அம்மா முழிச்சுத்தான் இருப்பா. மான் கடுதாசி திண்டதைச் சொல்லப் போறன்."

வீட்டுக்குப் போன் எடுத்தால் அவளுடைய அண்ணி கதைப்பார், அழுவார், நடுத்தெருவில் இவள் விழுவாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "நித்திரைக்குப் போற மனுசியை ஏன் எழுப்பிறாய்? கொடி போகுது பார், எங்களை விட்டிட்டுப் போயிடுவினம்" என்றேன். ரிசீவரை ஏற்கனவே கையில் எடுத்துவிட்டிருந்தாள். நான் இழுத்த இழுப்பில் அது தொங்கி ஆடியது. சரி, நாளைக்குக் கதைப்போம் என்று சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்துக் கொழுவினாள். அட்டை கைப்பைக்குள் போனது.

மத்தியானம் மேப்பிள் இலை வடிவத்தில் ஒரு பலகாரம் வாங்கினோம். இவ்வளவு தூரம் வந்தும் இந்த இலை விடுகுதில்லையே என்று அவள் பகிடி விட்டாள். தாய்க்கென்று மெத்தென்றதாக ஒரு பெட்டி பார்த்து எடுத்தாள், பல்லில்லாதவர் சாப்பிடக்கூடியதாக. நான் தடுக்கவில்லை.

திரும்பி ஹோட்டலுக்கு வர ஐந்து மணி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் இருத்திச் சொல்லலாம் என்று வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். ஆனால் வரவேற்பில் நின்ற பையன் தலை குனிந்து இரண்டு கைகளாலும் அவளிடம் மூன்று துண்டுக் கடதாசிகளை நீட்டினான். ஒன்பது மணி, பதினொன்றரை, நாலேகால். மூன்றிலும் வீட்டுக்கு எடுக்கவும் என்றுதான் இருந்தது.

அறைக்குள் போய்ச் சப்பாத்தும் கழற்றாமல் போன் எடுத்தாள். தமையனின் குரல் எனக்கும் கேட்டது. அழுதபடிதான் சொன்னார். "இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம்தான் போனவ."

ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு. எனக்கு முதலில் அது ஏறவில்லை. பிறகு மணிகளை எண்ணிப் பார்த்தேன். அப்படியென்றால் காலையில் அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார். பலகையில் எழுதியபோது இருந்திருக்கிறார். ரிசீவர் தொங்கி ஆடியபோதும் இருந்திருக்கிறார். தமையன் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொன்னார், நான்தான் நம்பவில்லை.

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விடியவே உன்னட்டைச் சொன்னதாம்."

"ஓம்" என்றேன்.

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் ஒசாகாவிலிருந்து வான்கூவர், அங்கிருந்து மொன்றியல். இருக்கைகள் பக்கத்துப் பக்கத்தில். அவ்வளவு நேரமும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். எனக்கு வந்த தேநீரை அவளுக்கு நீட்டினேன். வாங்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். எப்படிப் போகாமல் விடுவது? மாதா கோயில் படியில் தமையன் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். நான் தங்கையிடம் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஏசவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். தாய்க்கு அன்று ராத்திரி பதினொரு மணிவரை நல்ல நினைவு இருந்ததாம். சுவாமியார் வந்து கடைசிப் பூசுதல் கொடுத்தபோதும் பிள்ளை போன் எடுத்தாளா என்றுதான் கேட்டாராம். கைத்தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கண்ணைத் திறந்து பார்த்தாராம். அடித்ததெல்லாம் ரொறொன்ரோக்காரரும் லண்டன்காரரும். சொல்லிவிட்டு, உள்ளுக்குப் போய் இருங்கோ, வெளியில் குளிர் என்றார்.

அவள் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்கு மாறிவிட்டாள். ஒரு நாள் நான் வெளியேறும் நேரமும் அவள் வரும் நேரமும் ஒன்றாகி, உடுப்பு மாற்றும் அறையில் இருவரும் தனியாக நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். உன் நன்மைக்கென்று நினைத்துத்தான் செய்தேன் என்று தொடங்கினேன். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"விடிய நீ சொல்லாமல் விட்டதை நான் மறந்திடுவன். எங்கடை ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான். ஆனால் என்ரை கையிலை இருந்த போனைப் பறிச்சியே. அதை மறக்க ஏலாது."

அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. அடுத்த வருடம் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

அவளுடைய நன்மைக்கு என்றேன் அல்லவா, அதிலும் பாதிதான் உண்மை. அன்று காலையில் சொல்லியிருந்தால் அவளோடு நானும் அந்த அறையிலேயே இருந்திருக்க வேண்டும். ஒரு வருடமாகப் பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்த அந்த வாசலை நான் கண்டிருக்க மாட்டேன். எனக்கும் அந்தத் தீவு வேண்டியிருந்தது. நேரத்துக்குச் சொல்லியிருந்தாலும் அவள் தாயிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான், அவள் போயிருக்க முடியாது. அவள் குரல் போயிருக்கும்.

இப்போது யாராவது யாருக்கோ சுகமில்லை என்றால் நான் அதை அப்படியே நம்பி, அந்த நிமிடமே உரியவருக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அம்மா மொன்றியலில் விடிய மூன்று மணிக்குத்தான் இறந்தார் என்பதும், அதற்கு ஒன்பது மணித்தியாலம் முன்பே ஜப்பானில் ஒரு ஹோட்டல் அறையில் வைத்து அவரைச் சாகடித்தவள் நான் என்பதும் எனக்குத் தெரியும்.