கிளாக்கரையா கடையில் யாரும் உட்காரவில்லை

போன வாரம் பதுளை ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ரயில் வந்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு அதை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. மழையில் நனைந்த கம்பளியோடு ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள் வந்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்று சொல்லி, நான் தள்ளுவதற்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஈரக் கம்பளிக்கென்று ஒரு வாடை உண்டு. ஆட்டுக்கிடையும் அடுப்புப் புகையும் கலந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். என் கண்ணெதிரே ஒரு தோட்டத்து ஆளாவது உட்காரமாட்டானா என்று நான் ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு.

அப்போது பதுளைக்கு மேலே ஒரு கம்பெனித் தோட்டத்தில் நான் கிளாக்கர், கணக்கெழுதுகிறவன். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, ஆபீஸ் மேசை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் என்னைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். துரையைக் கண்டால் நான் எழுந்து நிற்பேன். கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர் வந்தால் துரை நிற்பார். அந்தத் தோட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது துரையின் நாய் ஒன்றுதான்.

நின்று நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்ட பிறகு, போதும், இனி எனக்கு நானே எஜமான் என்று வேலையை விட்டேன். பதுளைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடை வைப்பதாக உத்தேசம். துரை தனக்குத் தெரிந்த தமிழில், "நீ போனா திரும்பி வராதே" என்றார். திருச்சிப் பக்கம் ஊரில் இருந்த மனைவியோ, கிளாக்கருக்குத்தான் கழுத்தை நீட்டினேன், வடை சுடுகிறவனுக்கு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வராமலே இருந்துவிட்டாள். ஆக, கடை ஓடினால்தான் பிழைப்பு. திரும்பிப் போக எனக்கு இடமில்லை.

பலாப் பலகையில் பெஞ்சுகள் செய்து போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் டவுனுக்கு இறங்கினார்கள். பாசக்கார ஜனங்கள், நம்ம கிளாக்கரையா கடை என்று தேடி வந்தார்கள். வந்து, வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"உள்ள வாங்கப்பா, ஒக்காருங்க."

"இருக்கட்டுங்கய்யா. நாங்க நின்னுக்கிறோம்."

என் முன்னால் உட்கார்ந்தால் அவர்களுக்கு வடை தொண்டையில் இறங்காது. நின்றபடியே ஒரு வாய் தேத்தண்ணி, ஒரு சலாம். அப்புறம் நேரே எதிர்க்கடைக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்கள். போதாக்குறைக்கு அவர்கள் என் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில் மற்றவர்களும் உள்ளே வரவில்லை. கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். தலைப்பாகையைக் கழற்றிப் பார்த்தேன். ஊஹூம். இடுப்புத் துண்டோடு நின்றாலும் நான் கிளாக்கரையாதான்.

சமையல்காரன் நிலைமை புரிந்து எதிர்க்கடைக்கே வேலைக்குப் போய்விட்டான். அதன்பிறகு தண்ணீர் சுமந்தது, மாவாட்டியது, விறகு பிளந்தது, பாத்திரம் தேய்த்தது எல்லாம் நான்தான். எனக்கு நானே எஜமான் என்றேனே, அந்த எஜமானைப்போல ஒரு கொடுமைக்காரனைக் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. கடையை மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அப்படியொரு ஞாயிறு மத்தியானம், ஆளில்லாத கடையில் என் பெஞ்சிலேயே நான் சரிந்து உட்கார்ந்திருந்தபோது தோட்டத்து ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எழப் பார்த்தேன், முடியவில்லை. கொழுந்து பறிக்கும் செவனம்மா முன்னால் நின்றிருந்தாள்.

"அய்யாவுக்கு ஒடம்பு முடியலீங்களா?"

"முடியல தாயி. காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

"எந்திரிக்காதீங்க. ஒக்காருங்க" என்றாள்.

அத்தனை வருஷத்தில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவள் அடுப்படிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டு எல்லாருக்கும் ஊற்றினாள். எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். பிறகு, "யப்பா, எனக்குந்தான் இடுப்பு ஒடியுது" என்று பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கிளாக்கருக்கும் களைப்பு வரும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

செவனம்மா என் அடுப்படியில் நுழைந்ததைப் பார்த்த பக்கத்து ஜவுளிக்கடைக்காரர், அன்றோடு என் கடையில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார். போகட்டும். கடை பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்கள் இடம் கொள்ளாமல் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். துரையை, கங்காணியை, என் வடையை எல்லாம் என் காதுபடவே திட்டினார்கள்.

செவனம்மா ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பழைய ஆட்கள் சிலர் ஊருக்குக் கப்பலேறினார்கள், சிலர் தேயிலைக்கு அடியிலேயே படுத்துவிட்டார்கள். ரயில் வந்த கையோடு வியாபாரம் ஸ்டேஷன் பக்கம் நகர்ந்தது, கடையை விட்டுவிட்டேன். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறேன். உடம்பு முடியலீங்களா என்று கேட்கத்தான் ஆளில்லை. கேட்டால், முடியல தாயி என்று சொல்லிவிடுவேன்.