மனைவிக்கு முந்திக்கொண்டு நான் சொன்ன பதில்

மூன்று வருடத்துக்கு முன்பு, நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. தோவாளையில் எங்களுக்குக் கொஞ்சம் பிச்சிப்பூத் தோட்டம் உண்டு. காலையில் பூப்பறித்துக்கொண்டிருந்த என் மனைவி, "தல வெடிக்கி" என்று உட்கார்ந்தவள்தான், வாந்தியெடுத்து மயங்கிவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. கசிந்த இடத்தை டாக்டர்கள் அடைத்தார்கள். மூன்றாம் நாள் கண்விழித்துப் பேசினாள்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். டாக்டரோ, கசிந்த ரத்தத்தால் மூளையின் மற்ற ரத்தக்குழாய்கள் இனிமேல்தான் சுருங்கக்கூடும், சுருங்கினால் பேச்சு தடுமாறும், இரண்டு வாரம் கண்ணும் கருத்துமாகப் பார்க்கவேண்டும் என்றார்.

அதற்காக ஒரு நர்ஸ் மணிக்கொரு தடவை வருவார். புதுக்கடை ஊர்க்காரர், பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். கண்ணில் டார்ச் அடிப்பார், பல்லைக் காட்டச் சொல்வார். பிறகு, "அக்கா, வீடு எங்க?" என்பார். நான் முந்திக்கொண்டு, "தோவாள" என்பேன். எங்கள் பக்கத்து ஆண்கள் பழக்கம் அது. பெண்டாட்டியிடம் கேட்டாலும் பதில் நம்முடையதுதான்.

ஏழாம் நாள் மதியமும் அப்படியே சொன்னேன். நர்ஸ் இடுப்பில் கைவைத்தார்.

"அண்ணே, சோக்கேடு ஒங்களுக்கா, அக்காளுக்கா? யாரு இங்க நோயாளி?"

"அவ சடவுல அசந்து கெடக்கா, சிஸ்டர்."

"ஒரு நிமிசம் வாய மூடுங்க. அக்கா, வீடு எங்க?"

மனைவி அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. காலையில் நன்றாகப் பேசியவள். போன தடவையும் நான்தானே பதில் சொன்னேன்! பேச்சு எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை.

நர்ஸ் ஓடினார். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் சுருங்கியிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தோவாள. பின்ன என்ன, துபாயா?" என்றாள் மனைவி. நர்ஸ் சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் பிறகு விளக்கினார். முகத்தில் ஈ உட்கார்ந்தால் நமக்குச் சொல்கிறதே ஒரு நரம்பு, அதன் இழைகள் மூளையின் ரத்தக்குழாய்களுக்கும் போகின்றனவாம். குழாய் சுருங்கினால் அதை விரித்துவிடப் பாடுபடுமாம். ரத்தம் போனால்தானே மூளைக்குப் பிராணவாயுவும் சர்க்கரையும் கிடைக்கும், வேலை நடக்கும்! கசிவு பெரிதானால் நரம்பு தனியாகச் சமாளிக்க முடியாது, மருந்தும் வேண்டும், நேரத்தில் கண்டுபிடிக்க ஆளும் வேண்டும் என்றார். அந்த ஆள் எங்களுக்கு வாய்த்தார்.

இப்போது மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும் நான் காத்திருக்கிறேன். ஒரு சின்னப் பதில் வாய்க்கு வர உள்ளே நரம்பு, ரத்தக்குழாய் என்று எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.