கழுவாத சுவர்

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், நான்கு வயது மகள். வீடு ஓர் அண்ணைக்குச் சொந்தம். அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எங்களுக்கு முன்னமே லண்டனுக்கு வந்து, கடை போட்டு நிமிர்ந்தவர். விமான நிலையத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஒரு சூட்கேசோடு விறைத்துப்போய் நின்ற எங்களிடம், "முதல் இருங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று சாவியைத் தந்தார். அதை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் நிறைகிறது. அந்த நன்றியால்தான் சுவரைப் பற்றி அவரிடம் இரண்டு பனிக்காலம் வாய் திறக்காமல் இருந்தேன்.

சுவர் என்றது பின் அறைச் சுவரை. நாங்கள் மூவரும் படுப்பது அந்த அறையில். ஐப்பசி பிறந்தால் சுவர் வியர்க்கத் தொடங்கும், கார்த்திகையில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். மகளுக்கு முட்டு. குளிர் வந்தால் நெஞ்சு இழுக்கும், மூச்சு விசிலடிக்கும். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். டொக்டர் அவளுக்கு மூச்சுக்கு இழுக்கிற பம்ப் ஒன்று தந்தார், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: வீட்டில் ஈரம் இருக்கிறதா? நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் வீடுகளைப் பார்க்கிற நகரசபைக்கு, கவுன்சிலுக்கு, கடிதம் எழுதினார். ஓர் ஆள் வந்து பார்ப்பார், பார்த்து எழுதினால் வீட்டுக்காரர் சுவரைத் திருத்தத்தான் வேண்டும் என்றார்.

ஆள் வருகிற நாள் தெரிந்ததும் நான் செய்ததைக் கேளுங்கள். அதற்கு முந்திய நாள் முழுக்கச் சுவரை பிளீச் போட்டுத் தேய்த்தேன். பூஞ்சணம் போன இடம் மங்கலாகத் தெரிந்தது; அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். விடிய எழும்பிப் பற்றிஸ் பொரித்தேன், ஊதுபத்தி கொளுத்தினேன். வீட்டுக்கு அரசாங்கத்து ஆள் வருகிறார், அழுக்குச் சுவரைக் காட்டுவதா? நான் வளர்ந்த வீட்டில் யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் விளக்குமாறுதான் வெளியே வரும். எனக்கு வேறு விதமாக யோசிக்கவே தெரியவில்லை.

வந்தவர் நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், மணத்துக்கு மூக்கைச் சுருக்கினார், பற்றிஸ் மூன்று சாப்பிட்டார். ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு "நோ பிராப்ளம்" என்றேன். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: பார்த்த அளவில் ஈரம் எதுவும் இல்லை. அவரில் என்ன பிழை? இருந்ததை நான்தானே மறைத்தேன். அந்தக் கிழமையே மகளுக்கு மறுபடி இழுத்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நானே திட்டித் தீர்த்தேன்.

மகள் நேர்சரியில் இருக்கும் நேரத்தில், வாரம் இரண்டு நாள், நான் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைவிடச் சின்னவள். முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், கை எல்லாம் சோக்குத் தூள். ஒரு நாள் பலகையில் மூன்று பத்தியாகச் சொற்களை எழுதினாள். முதல் பத்தியில் ஒன்றை நேருக்கு நேர் சந்திப்பதற்கான சொற்கள்: பேஸ், கன்பிரன்ட், ஸ்டான்ட் அப் டு. இரண்டாவதில் பொறுத்துக்கொள்வதற்கானவை: என்டியூர், டொலரேட், புட் அப் வித். ஸ்டமக் என்றும் ஒன்று. பொறுப்பதற்கு இவர்கள் வயிற்றையும் பாவிப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாவதில் பிளர்ட் என்று தொடங்கி இன்னும் இரண்டு.

பிளர்ட் என்றால் என்ன என்று பின்வரிசை அக்கா ஒருவர் கேட்டார். டீச்சர் ஒரு வெறுங்கதிரையின் பக்கத்தில் போய் நின்றாள். தலைமயிரைக் கோதினாள், கதிரையைப் பார்த்துக் கண்ணை வெட்டினாள், கிட்டப் போனாள், சிரித்தாள், விலகி வந்தாள். வகுப்பில் இருந்த அவ்வளவு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மனிதரோடு மட்டுமில்லை, ஓர் எண்ணத்தோடும் இப்படிச் செய்யலாம் என்றாள் அவள். கிட்டப் போவது, சிரிப்பது, திரும்பி வருவது. ஆனால் கதிரையில் உட்காருவது மட்டும் இல்லை.

என் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று மூன்று தரம் அண்ணையின் கடைக்குப் போயிருந்தேன். மூன்று தரமும் பாலும் பாணும் வாங்கி, அண்ணியின் சுகம் விசாரித்து, சிரித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். கதிரையோடு கண் வெட்டிய அந்த ஆட்டத்தைத்தான் நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பத்தியிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம் எழுதச் சொன்னாள். இரண்டாம் பத்திக்கு எழுதினேன்: நான் ஒரு சுவரைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டேன். வகுப்பு முடிந்ததும் அவள் என்னைப் போக விடவில்லை. என்ன சுவர் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தெரியாத இடத்தில் கையால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட் அடித்த இடத்தில் சிரித்தாள். மகள் மூச்சு இழுக்கும் விதத்தை நான் செய்து காட்டியபோது அவள் முகம் மாறிவிட்டது.

அங்கேயே ஒத்திகைக்கு அவள் கவுன்சில்காரர் ஆனாள், நான் நானாகவே இருந்தேன். அவள் கதவைத் தட்டுவதுபோல மேசையில் தட்டினாள். நான் எழும்பி, இல்லாத தேத்தண்ணியை அவளுக்கு நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முதலில் சுவர், பிறகு தேநீர், அவர் எழுதி முடிக்கும்வரை ஒரு பலகாரமும் கிடையாது என்றாள். அடுத்த நான்கு வகுப்புகள் முடிந்த பிறகும் அவள் எனக்காக இப்படி நின்றாள். திரும்பவும் வந்து பார்க்கச் சொல்லிக் கவுன்சிலைக் கேட்கும் கடிதத்தை என்னையே எழுத வைத்தாள். அதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இரண்டாம் தரம் ஆள் வரும் நாளுக்கு முன் நான் பட்ட பாடு பெரிது. பூஞ்சணம் பெயின்ட்டைத் தின்றுகொண்டு மேலே வந்திருந்தது. என் கை தானாக பிளீச் போத்தலுக்குப் போகும். போத்தலைக் கணவரிடம் கொடுத்து ஒளிக்கச் சொன்னேன். அவருக்கு வேறு பயம்.

"கவுன்சில் கடிதம் அண்ணைக்குப் போகுமெல்லோ. அந்த மனுசன் இல்லாட்டி நாங்கள் எங்கை நிண்டிருப்பம்? அவற்றை முகத்தை முறிக்க ஏலுமே?"

அப்படியிருந்தும் போத்தலை நான் திரும்பக் கேட்கவில்லை.

அதே மனிதர்தான் வந்தார். நேரே பின் அறைக்குக் கூட்டிப்போய், கட்டிலை இழுத்து, சுவரைக் காட்டினேன். வெட்கத்தில் காது சுட்டது. அவர் கையை வைத்துப் பார்த்தார், நெடுநேரம் எழுதினார். வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும் என்றார். பிறகுதான் தேத்தண்ணி கொடுத்தேன்.

அவர் படியிறங்கியதும் நானும் கோட்டை மாட்டினேன். கடிதம் எனக்கு முன்னால் அண்ணையிடம் போனால் அதுதான் நன்றி கெட்ட வேலை என்று பட்டது. கடையில் அவர் தனியாக நின்றார்.

"பாலோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை. ஒரு கதை சொல்ல வந்தனான்."

சொன்னேன். சுவர், பூஞ்சணம், ஆஸ்பத்திரி, கவுன்சில், எல்லாம். ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. அவர் கல்லாவைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

"எவ்வளவு நாளா?"

"இது ரெண்டாவது பனிக்காலம்."

"ஏன் என்னட்டை முதலே சொல்லேல்லை?"

"உங்களுக்கு மனவருத்தமா இருக்கும் எண்டுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு மூச்சு முட்டுது. நீர் என்ரை மனவருத்தத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீரோ?"

கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரல் உடைந்திருந்தது. கடைக்கு நடுவில் நின்று அழுதேன். பொறுமை என்று நான் பெருமையாக நினைத்திருந்தது, என் பிள்ளையின் மூச்சில் எடுத்துச் செலவழித்த மரியாதை. இரண்டு பனிக்காலமும் ஒரு சொல்லால் தீர்ந்திருக்கும்.

கவுன்சில் கடிதம் வருமுன்னமே அண்ணை ஆளைக் கூட்டிவந்தார். வெளிப்பக்கம் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி வெடித்து, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்ததாம். வேலை முடியும்வரை எங்களைத் தன் வீட்டு முன் அறையில் வைத்திருந்தார். அண்ணி மகளுக்கு இஞ்சித் தண்ணி கொடுத்தா. அடுத்த பனிக்காலம் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. அவர்கள் இருவருக்கும் நான் சொன்ன நன்றி போதாது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணையிடம் பேசிய மறு வகுப்பில் டீச்சர் என் கொப்பியைக் கேட்டாள். முதல் பத்திக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: சுவரைப் பற்றி என் அண்ணனிடம் சொன்னேன்.

நான் தந்த சொல் ஒன்றும் இதில் இல்லையே என்றாள். மறுபடி வாசித்தாள். சோக்குக் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளையாகியது. பிறகு பேனையை எடுத்துப் பெரிதாகச் சரி போட்டாள்.