உப்புப் பார்க்காத சமையல்

என் மனைவிக்கு நான் கொடுத்த பரிசுகளில் இன்று வரை அவள் சொல்லிக் காட்டுவது ஒன்றைத்தான். புடவையை அல்ல, தோட்டை அல்ல. ஒரு சமையல் வகுப்பை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையும் சிறிய அடுப்படியும் எங்களுக்கு. எனக்குத் துறைமுகத்துச் சாமான் கிடங்கில் வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. பக்தி மட்டும் குறைவில்லை. அவள் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரமே அடுப்படிச் சுவரில் முருகன் படத்தை மாட்டிவிட்டு, வீட்டுக்காரன் என்ற தோரணையில் சொன்னேன்:

"இந்த வீட்ல சாமிக்குப் படைக்காம யாரும் எதையும் நாக்குல வைக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து நாலு வருடம் எங்கள் வீட்டுச் சாம்பார் ஒரு நாள் கடலாக இருக்கும். மறுநாள் வெறும் வெந்நீராக இருக்கும். எந்த நாள் எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வாய் திறந்து சொல்லவும் வழியில்லை. படைத்த பிறகு அது பிரசாதம். பிரசாதத்தில் குறை சொல்கிறவன் பக்தனா? கரிக்கிற கூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, கிடங்கில் போய்த் தண்ணீராகக் குடிப்பேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. புதனும் ஞாயிறும் தேக்கா பசாரில் மீன் வாங்கி வருவேன். அந்த மீன் குழம்பு அமிர்தமாக இருக்கும். உப்பு, புளி, உறைப்பு எல்லாம் கச்சிதம். இவளுக்கு மீனில் கை ராசி, காயில் இல்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த முடிவோடு காலம் போயிருக்கும். இடையில் ஆடிக் கிருத்திகை நெருங்கியது. கிடங்கில் வேலை செய்யும் நாங்கள் பத்துப் பேர் மாதம் ஒருவர் வீட்டில் கிருத்திகை பூசை வைத்து, பாடி, சாப்பிட்டுப் பிரிவது வழக்கம். அறை சின்னது என்று சாக்குச் சொல்லி நாலு வருடம் தப்பித்திருந்தேன், இந்த ஆடி மாதம் எங்கள் முறை என்று முடிவாகிவிட்டது. என் கூட்டாளிகள் பக்திமான்கள்தான். ஆனால் இலையை மடக்கிய பிறகு அவர்கள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஒருவர் வீட்டு ரசத்தை "அபிசேகத் தண்ணி" என்று பெயர் வைத்து இரண்டு வருடம் சிரித்தவர்கள். அந்த வீட்டு அம்மா அதற்குப் பிறகு எங்கள் எதிரில் வருவதையே விட்டுவிட்டார். என் மனைவிக்கு அந்த நிலை வரக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் சமூக நிலையத்துப் பலகையில் அறிவிப்பைப் பார்த்தேன். சைவச் சமையல் வகுப்பு, சனிக்கிழமை பிற்பகல், ஆறு வாரம். சொல்லிக் கொடுப்பவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உடனே பெயரைக் கொடுத்துப் பணம் கட்டினேன். ரசீதை ஒரு தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ எல்லாம் வைத்து அவளிடம் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"கல்யாண நாள் வருதுல்ல. பரிசு."

ரசீதைப் படித்தாள். முகம் மாறியது. "சமையல் வகுப்பா? ஏன், என் சமையலுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சலா? நல்லா சமைக்கிறவங்களை மட்டுந்தான் அங்க சேர்த்துக்குவாங்களாம். உன்னைப் பத்திச் சொன்னேன், உடனே பேரை எழுதிக்கிட்டாங்க."

சுவரிலிருந்து முருகன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. மாடியில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் சொல்லிவிட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். இரண்டு வாரம் போயிற்று. புதிதாகச் சொதியும் பால்கறியும் வீட்டில் வந்தன. அவையும் ஒரு நாள் கடல், ஒரு நாள் வெந்நீர்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல மழை. குடை எடுத்துக்கொண்டு அவளை அழைத்து வரப் போனேன். வகுப்பு முடியவில்லை. சன்னலோரம் ஒதுங்கி நின்றேன். உள்ளே ஆளுக்கொரு மண்ணெண்ணெய் அடுப்பு. முதல் இரண்டு வாரமும் இரண்டிரண்டு பேராகச் சமைத்தார்களாம், அன்றுதான் தனித்தனி. டீச்சரம்மா ஒவ்வோர் அடுப்பாக வந்து என் மனைவியிடம் நின்றார்.

"உப்புப் பார்த்தனீரோ, பிள்ளை?"

"இல்லீங்க டீச்சர்."

"ருசி பாராமல் என்னண்டு இறக்கிறது? கையில ஒரு சொட்டு விட்டுப் பாரும்."

"ஐயோ, மாட்டேன். சாமிக்குப் படைக்காம நாக்குல வைக்கக் கூடாதுன்னு வீட்ல அவங்க சொல்லியிருக்காங்க."

"அப்ப வீட்டில உப்பு?"

"ஒரு குத்துமதிப்பாத்தான் போடுறது. மீனுக்கு மட்டும் பார்ப்பேன். மீனைத்தான் சாமிக்குப் படைக்கிறதில்லையே."

மீனில் கை ராசி என்ன என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. மறைவதற்குள் டீச்சரம்மா பார்த்துவிட்டார்.

"அந்த அவர், குடையோட நிக்கிற இவரோ?"

எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். என் மனைவி கெட்டிக்காரத்தனமாக என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "அவங்கதான் டீச்சர். நல்லா சமைக்கிறவங்களை மட்டுந்தான் நீங்க சேர்ப்பீங்கன்னு கேட்டு, எம் பேரைக் கொடுத்தாங்க."

"ஆர் சொன்னது? சமைக்கத் தெரியாத ஆக்களுக்குத்தானே வகுப்பு!"

உள்ளே எழுந்த சிரிப்பு மழையையும் மீறிக் கேட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது குடையை அவளே பிடித்துக்கொண்டாள். நான் நனைந்துகொண்டே நடந்தேன். கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது கேட்டாள்.

"நாலு வருசமா கரிச்சுதா?"

"சில நாள்தான்..."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"பிரசாதமாச்சே. குறை சொல்லலாமா?"

நின்றாள். "நான் முன்னாடி ருசி பார்க்கக் கூடாது. நீங்க பின்னாடி குறை சொல்லக் கூடாது. அப்புறம் உப்பை யாருதாங்க பார்க்கிறது? முருகன் எறங்கி வந்தா?"

சட்டம் என்னுடையது.

வகுப்பை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். விடவில்லை. மிச்ச மூன்று வாரமும் போனாள், பட்டு மட்டும் கட்டவில்லை. கடைசி நாள் டீச்சரம்மா ஓர் அளவுக் கரண்டியைக் கொடுத்து அனுப்பினாராம். "அளந்து போட்டால் ருசி பார்க்கத் தேவையில்லை, பிள்ளை. முருகனுக்கும் கோவம் வராது, உம்மட மனிசனுக்கும் வராது."

ஆடிக் கிருத்திகை அன்று பாட்டு முடிந்து, தீபாராதனை முடிந்து, இலை போட்டாள். என் கூட்டாளிகள் சாம்பாரைத் தொட்டதும் பேச்சு அடங்கிவிட்டது. "அண்ணே, கோயில் சாப்பாடு தோத்துது லா!" என்றான் ஒருவன். இன்னொருவர் பேசாமல் கையைக் காட்டி மூன்றாம் முறை கேட்டார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நானும் பெருமையாக ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை. கூட்டிலும் இல்லை, பொரியலிலும் இல்லை. மற்றவர்கள் இலை ஓரத்தில் உப்பு இருந்தது. என் இலையில் அதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அடுப்படி வாசலில் ஒரு சின்னச் சட்டியோடு நின்றாள். எனக்குப் பரிமாறியது எல்லாம் அந்தச் சட்டியிலிருந்துதான்.

"என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?" என்றாள், வந்தவர்கள் முன்னால், தேனாக. "அதுவும் சாமிக்குப் படைச்சதுதான்."

மற்ற ஒன்பது இலையும் என்னைப் பார்த்தது. ஒரு நிமிடம் முருகனைப் பார்த்தேன். அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கொஞ்சம் போடு" என்றேன்.

"கேக்கலைங்க."

"உப்பில்லை. உப்புப் போடும்மா!"

ஒரு சிட்டிகை அல்ல, ஒரு கை உப்பு என் இலை ஓரத்தில் விழுந்தது.